கிடர்பூரில் கப்பலேறியவர்களின் ஊர் எது?

கனடாவில் வாழும் பேரப்பிள்ளைகள் ஒரு பழைய தாளோடு கொல்கத்தாவுக்கு வருகிறார்கள். அவர்கள் தேடுவது நம் பக்கத்துக் கிராமமாகவும் இருக்கலாம்.

கொல்கத்தாவின் கிடர்பூரில் சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் எதுவும் இல்லை. கப்பல் வந்தால் தூக்கிக்கொள்ளும் பாலம், அதன் இருபுறமும் லாரி வரிசை, ஃபேன்சி மார்க்கெட்டின் துணிக்கடை நெரிசல், துறைமுகத்தின் நீண்ட மதில். ஆனாலும் டொராண்டோவிலிருந்தும் வான்கூவரிலிருந்தும் ராட்டர்டாமிலிருந்தும் இங்கே ஆட்கள் வருகிறார்கள். ஹூக்ளிக் கரையில் சூரினாம் காட் என்ற படித்துறை எங்கே என்று விசாரித்துப் போகிறார்கள். பலருடைய பையிலும் ஒரு பழைய தாளின் நகல் இருக்கும். கல்கத்தா துறைமுகத்திலிருந்து இந்தக் கப்பலில் இந்த ஆள் புறப்பட அனுமதிக்கப்படுகிறார் என்று சொல்லும் தாள் அது.

இவர்களில் கனடாவிலிருந்து வருபவர்களின் பெற்றோரோ தாத்தா பாட்டியோ கயானா, டிரினிடாட், பிஜி நாடுகளிலிருந்து அங்கே குடியேறியவர்கள். 1967இல் கனடா தன் குடியேற்ற விதிகளை மாற்றி, பிறந்த நாட்டைப் பார்க்காமல் தகுதிக்குப் புள்ளி போடத் தொடங்கியதும் கரீபியன் இந்தியர்கள் டொராண்டோவுக்குப் போனார்கள். 1987 மே 14 அன்று பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அங்கிருந்த இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். வான்கூவரிலும் அதை ஒட்டிய சர்ரேயிலும் ஒரு பெரிய பிஜி இந்தியச் சமூகமே உருவாகிவிட்டது. கனடாவில் பிறந்த பிள்ளை "நாம் எந்த ஊர்?" என்று கேட்டால் அந்த வீடுகளில் பதில் இரண்டு கண்டங்களைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. கனடாவுக்கு முன் ஜார்ஜ்டவுன் அல்லது சுவா. அதற்கும் முன் கிடர்பூர். அதற்கும் முன்?

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இந்தியாவில்தான் இருக்கிறது.

கரும்புக்கு ஆள் தேடிய கப்பல்கள்

1834இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவான கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். அதே ஆண்டில் 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு நவம்பர் 2 அன்று மொரீஷியஸின் போர்ட் லூயிஸைச் சென்றடைந்தது. 1836இல் ஜான் கிளாட்ஸ்டன் என்ற தோட்ட முதலாளி தன் கயானா தோட்டங்களுக்கு ஆள் கேட்டு கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் ஆர்பத்நாட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா இவர். 1838 ஜனவரியில் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் புறப்பட்டு மே 5 அன்று கயானாவை அடைந்தன. ஏறியவர்களில் பலர் சோட்டா நாக்பூர் மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள்.

பிறகு ஒவ்வொரு நாடாக வழி திறந்தது. 1845 மே 30 அன்று 'ஃபாத்தல் ரசாக்' டிரினிடாடில் கரைசேர்ந்தது. 1873 பிப்ரவரி 26 அன்று 'லாலா ரூக்' டச்சுக் காலனியான சூரினாமுக்குப் புறப்பட்டது. 1879 மே 14 அன்று 'லியோனிடாஸ்' 463 பேருடன் பிஜிக்குள் நுழைந்தது. வழியிலேயே காலராவும் பெரியம்மையும் புகுந்துவிட்டதால், வந்தவர்களை ஒரு சிறு தீவில் தனியே அடைத்துவைத்தார்கள். கப்பல் வந்த அந்த நாளின் 108ஆம் ஆண்டு நிறைவன்றுதான் பிஜியில் ராணுவப் புரட்சி நடந்தது. அந்தக் கப்பலில் வந்தவர்களின் குடும்பங்களுக்கு, கொள்ளுத்தாத்தா வந்த தேதியும் கொள்ளுப்பேரனைக் கிளம்பவைத்த தேதியும் ஒன்றாகிப்போயின. 2023 முதல் பிஜியில், ஒப்பந்தத் தொழிலாளர்களை நினைவுகூரும் மே மாதத்தின் கிர்மிட் தினம் அரசு விடுமுறை.

ஒப்பந்தக் கூலிமுறை 1917இல் நிறுத்தப்பட்டு 1920இல் முற்றாக முடிவுக்கு வந்தது. அதற்குள் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேறியிருந்தார்கள்.

டிப்போவில் நடந்தது

ஃபைசாபாத், பஸ்தி, காஸிப்பூர், ஆரா, சாரண் என்று கங்கைச் சமவெளி நெடுக ஆள்பிடிப்பவர்கள் திரிந்தார்கள். அர்க்காத்தி என்று அவர்களுக்குப் பெயர். சந்தையில், சத்திரத்தில், கோயில் வாசலில், ரயிலடியில் தனியாக நிற்பவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். வேலை இருக்கிறது, நல்ல கூலி, பக்கத்தில்தான் என்பார்கள். ஒத்துக்கொண்டவரை உள்ளூர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்திப் பதிவுசெய்து ரயிலில் ஹவுராவுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கிடர்பூரை ஒட்டிய கார்டன் ரீச் கரைக்கு.

அந்தக் கரையில் ஒவ்வொரு காலனிக்கும் தனித்தனி டிப்போ, அதாவது கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைக்கும் முகாம், இருந்தது. கயானாவுக்கு ஒன்று, டிரினிடாடுக்கு ஒன்று, பிஜிக்கு ஒன்று. அதே கரையில் சற்றுத் தள்ளி மெட்டியாபுருஜில், அரியணை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1887இல் இறக்கும்வரை வாழ்ந்தார். நாடிழந்த நவாப் ஒரு பக்கம், அவருடைய நாட்டிலிருந்தே வந்த குடியானவர்கள் இன்னொரு பக்கம்.

டிப்போவில் சில நாட்கள் முதல் சில வாரங்கள்வரை காத்திருக்க வேண்டும். டாக்டர் உடலைச் சோதிப்பார். அம்மை குத்துவார்கள். பல சாதியினரும் ஒரே இடத்தில் சமைத்ததைச் சாப்பிட வேண்டிவரும். கப்பலேறும்போது எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். ஊரில் யாராக இருந்தாலும் இனி அந்த எண்தான் ஆள். ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் புதிய உறவும் பிறந்தது. ஒரே கப்பலில் போனவர்கள் கடைசிவரை ஒருவரையொருவர் 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரன், என்று அழைத்தார்கள். சொந்த ஊரும் சுற்றமும் அற்றுப்போனவர்களுக்குக் கப்பல் உறவே ரத்த உறவானது. போன நாடுகளில் கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் ஜஹாஜி பாய் முன்னால் நின்றார்.

1883இல் வங்காள அரசு இந்தக் குடிபெயர்வைப் பற்றி ஓர் அறிக்கை தயாரிக்கச் சொன்னது. அதை எழுதியவர் ஜார்ஜ் கிரியர்சன். பின்னாளில் இந்திய மொழிகளின் மாபெரும் கணக்கெடுப்பை முடித்தவர் அவர்தான். கிராமங்களுக்கும் கல்கத்தா டிப்போக்களுக்கும் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். ஊர் திரும்பாதவர்களைப் பற்றிக் கிராமத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் அன்றே கேட்டு எழுதிய அபூர்வ ஆவணம் அது.

ஒரு தாளில் ஒரு மனிதர்

கனடாவிலிருந்து வருபவர்களின் பையில் இருக்கும் தாளை விரித்துப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவம், கோடிட்ட இடங்களைக் குமாஸ்தா கையெழுத்தில் நிரப்பியிருக்கிறார். தலையில் எந்தக் காலனிக்கான ஏஜென்சி, டிப்போ எண், கப்பலின் பெயர், கப்பலில் இவருடைய எண். அடுத்து பதிவான இடமும் தேதியும். பெயர், அப்பா பெயர், வயது, சாதி. நெருங்கிய உறவினர் யார். மணமானவர் என்றால் யாருக்கு. ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம். உயரம் எத்தனை அடி, எத்தனை அங்குலம். உடலில் உள்ள அடையாளம்: நெற்றியில் தழும்பு, இடது முழங்காலில் வடு, மார்பில் மச்சம். கீழே, உடலும் மனமும் நோயற்றவர், அம்மை குத்தப்பட்டவர், வேலை செய்யத் தகுதியானவர் என்று டாக்டர் கையெழுத்து. இவர் தன் விருப்பத்தோடுதான் போகிறார் என்று குடிபெயர்வோர் பாதுகாவலரின் கையெழுத்து.

ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிப்பதற்காக எழுதிவைத்த தழும்பு அது. நூறு ஆண்டு கழித்து, புகைப்படமே இல்லாத ஒரு கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே உடல் விவரமாக அதுவே நிற்கிறது. படிப்பவர்கள் அந்த வரியில் வந்து நின்றுவிடுகிறார்கள். நிற்காமல் எப்படி இருக்க முடியும்?

கயானாவில் பிறந்து, ஆறு வயதில் அமெரிக்காவுக்குப் போன பத்திரிகையாளர் கயத்ரா பகதூர் அப்படி ஒரு தாளின் பின்னால் போனவர். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903இல் 'கிளைட்' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். வயது 27. ஊர், பீகாரின் சாரண் பகுதி. கர்ப்பிணி. கணவர் உடன் இல்லை. குழந்தை கப்பலிலேயே பிறந்தது. ஏன் தனியாகப் போனார், யாரிடமிருந்து போனார் என்பது தாளில் இல்லை. அந்த மௌனத்தைத் துருவிய தேடலே 2013இல் 'கூலி வுமன்' என்ற நூலாக வந்தது. ஒரு கொள்ளுப்பாட்டியைத் தேடப்போய், அவரைப்போல் தனியாகக் கப்பலேறிய ஆயிரக்கணக்கான பெண்களின் வரலாற்றை அந்நூல் மீட்டுத் தந்தது.

பிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் இன்னும் பெரிய வேலையைச் செய்தார். அவருடைய தாத்தாவும் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போனவர். கல்கத்தாவிலிருந்து பிஜிக்குப் போன 45,439 பேரின் கப்பல் தாள்களையும் ஒன்றுவிடாமல் எடுத்து, கணினியில் ஏற்றி, 1983இல் 'கிர்மிட்டியாஸ்' நூலை வெளியிட்டார். போனவர்கள் எல்லாம் சமூகத்தின் கழிவுகள் என்ற பழைய ஏச்சை அந்தக் கணக்கு தகர்த்தது. வட இந்தியக் கிராமத்தில் எந்தெந்தச் சாதியினர் இருந்தார்களோ, ஏறத்தாழ அதே கலவைதான் கப்பலிலும் இருந்தது. பெண்களில் பெரும்பகுதியினர் துணையின்றித் தனியாகப் பதிவானவர்கள் என்பதும் அதில்தான் வெளிப்பட்டது.

எந்த நூலைப் பிடிப்பது?

தேடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். முதலில் தாத்தா பாட்டியின் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள். பழைய சான்றிதழ்கள் சிலவற்றில் பெற்றோரின் குடியேற்ற எண் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் கிடைத்தால் கப்பலின் பெயர் கிடைக்கும். கப்பல் கிடைத்தால் தாள் கிடைக்கும். தாள் கிடைத்தால் கிராமம்.

இந்த ஆவணங்கள் பெரும்பாலும் போன நாடுகளிலேயே பாதுகாக்கப்படுகின்றன. கயானாவுக்கு ஜார்ஜ்டவுனில் வால்டர் ராட்னி தேசிய ஆவணக் காப்பகம். பிஜிக்கு சுவாவின் தேசியக் காப்பகம். மொரீஷியஸுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம். அங்கே தொழிலாளர்களின் புகைப்படங்களும் உண்டு. சூரினாமின் பதிவேட்டை இணையத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம். டிரினிடாடில், புவியியல் ஆசிரியராக இருந்த ஷம்சு தீன் இந்தப் பதிவேடுகளைத் துருவி, நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். டிரினிடாட் பிரதமர் கம்லா பெர்சாத் பிசேசர் 2012 ஜனவரியில் பீகாரின் பேலுப்பூர் கிராமத்துக்கு வந்து நின்றபோது ஊரே திரண்டது. அவருடைய கொள்ளுத்தாத்தா ராம் லக்கன் மிஸ்ரா 1889இல் அங்கிருந்து போனவர்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. காதில் விழுந்ததைக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். ஒற்றைப் பெயர்தான் இருந்தது; அதுவே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று பெயரை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. ஜில்லா எல்லைகளும் மாறிவிட்டன. தாளில் ஷாஹாபாத் என்று இருக்கும்; அந்த மாவட்டம் 1972இல் போஜ்பூர், ரோத்தாஸ் என்று பிரிந்து, பிறகு பக்ஸரும் தனியானது. பேலுப்பூர் இன்று பக்ஸர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பழைய ஜில்லாவின் எந்தத் தாணா இன்று எந்த மாவட்டத்தில் எந்தக் காவல் நிலையத்துக்குள் வருகிறது என்று தெரியாமல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது.

கடலிலேயே அறுந்துபோன கதைகளும் உண்டு. 1884 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட 'சிரியா' என்ற கப்பல் மே 11 அன்று பிஜியின் நசிலாய்ப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. தொழிலாளர்கள் 56 பேர் மாண்டார்கள். அவர்களுடைய ஊர்களும் பதிவேட்டில் இருக்கின்றன. பலருக்குத் தேடி வர வாரிசுகள் இல்லை.

சென்னையில் ஏறிய நம்மவர்

இது வடக்கத்தியர் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' போனது சென்னையிலிருந்து. 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனை அடைந்தது. அதற்கும் முன்பே கல்கத்தாவிலிருந்து புறப்பட்டிருந்த 'பெல்விடியர்' பத்து நாள் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. 1911வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். பிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் போனார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி என்று நமக்குப் பழகிய ஜில்லாக்கள் அந்தத் தாள்களில் வரிசையாக வருகின்றன.

தமிழர் குடும்பங்களின் தேடலில் தனிச் சிக்கல்கள் உண்டு. பிள்ளை 'பிள்ளே' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். கப்பல் பட்டியலில் புதூர் என்று இருந்தால் எந்தப் புதூர்? வட ஆற்காடு ஜில்லா என்றால் இன்று வேலூரா, திருவண்ணாமலையா, ராணிப்பேட்டையா, திருப்பத்தூரா? தாலுகா பெயரும் அப்பா பெயரும் தெளிவாக இருந்தால் மட்டுமே நூல் பிடிபடும். டர்பனில் குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகம் நேட்டாலின் கப்பல் பட்டியல்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. கப்பல் எண்ணும் காலனி எண்ணும் பெயரும் அப்பா பெயரும் ஊரும் அதில் இருக்கின்றன.

தாளே இல்லாத தமிழர்களையும் இங்கே நினைக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் கங்காணியின் பின்னால் போனார்கள். அவர்களுக்கு கிடர்பூரில் கொடுத்ததுபோல் ஆளுக்கொரு விவரத்தாள் கிடைக்கவில்லை. மலையகக் குடும்பங்கள் தங்கள் ஊரைப் பெரும்பாலும் வாய்வழியாகவே காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஒரு தலைமுறை சொல்லாமல் விட்டால் ஊர் போய்விடும். கூலிக்கு ஆள் பிடித்த ஓர் அமைப்பின் தாளுக்கு இன்று இவ்வளவு மதிப்பு வந்திருப்பது ஏன் என்பதற்கு இந்த இழப்பே பதில்.

இந்த முனையிலிருந்தும் தேடலாம்

இந்தத் தாளுக்கு இப்போது சட்ட மதிப்பும் கூடியிருக்கிறது. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டையை, சூரினாமின் இந்திய வம்சாவளியினருக்கு ஆறாம் தலைமுறைவரை தருவதாக 2023இல் இந்தியா அறிவித்தது. மொரீஷியஸுக்கு 2024இல் ஏழாம் தலைமுறைவரை. டிரினிடாடுக்கு 2025இல் ஆறாம் தலைமுறைவரை. ஆறு தலைமுறைக்கு முன் இந்தியாவிலிருந்து போனவரின் வாரிசு என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் பழைய குடிபெயர்வுப் பதிவேடுகளை விட்டால் பலருக்கும் வேறு கதி இல்லை.

இந்தியா இதுவரை செய்தது நினைவுச் சின்னங்கள். 2011 ஜனவரியில் கிடர்பூர் டிப்போ இருந்த கரையில் ஒரு நினைவுக் கல் வைக்கப்பட்டது. 2015 அக்டோபரில் சூரினாம் காட்டில் 'மாயி பாப்' சிலை திறக்கப்பட்டது. ஓர் ஆணும் பெண்ணும், ஒரு சிறு மூட்டை. வருபவர்கள் அங்கே பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்த மரியாதை அவசியம். ஆனால் தேடி வருபவருக்குச் சிலையைவிட அதிகம் உதவுவது ஒரு பட்டியல்: 1880இன் தாணாவையும் தாலுகாவையும் சொன்னால், இன்றைய மாவட்டத்தையும் வருவாய் கிராமத்தையும் காட்டும் பட்டியல். பழைய சென்சஸ் புத்தகங்களும் நில அளவைப் பதிவேடுகளும் நம் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. மேற்கு வங்கமும் பீகாரும் உத்தரப் பிரதேசமும் தமிழ்நாடும் ஒரு பல்கலைக்கழகத் துறையைப் பணித்தால் முடிகிற வேலை இது. ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்களை யுனெஸ்கோ 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, அதற்குப் பாடுபட்டவை பிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் ஆகிய நாடுகள். ஆளை அனுப்பிய நாடு அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த பதிவில் நாம் இருக்க வேண்டும்.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. "தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் கப்பலுக்குப் போனார், திரும்பலை" என்ற பேச்சு தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு போனவர், பஞ்சத்தில் போனவர், கைம்பெண்ணாகிப் போனவர். அவர்கள் பெயரை, அவர்களுடைய அப்பா பெயரை, தாலுகாவை, சுமாரான ஆண்டை வீட்டின் மூத்தவரிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். குலதெய்வம் எது, எந்தக் கோயிலில் முடியிறக்குவார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடல் கடந்த குடும்பங்கள் ஊர் பெயரை மறந்த பிறகும் சாமி பெயரை மறக்காமல் வைத்திருப்பதுண்டு. கயானாவின் பெர்பிஸில் இன்றும் மாரியம்மனுக்குத் திருவிழா எடுப்பவர்கள் சென்னையில் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள். அங்கே ஒருவர் சொல்லும் பெயரும் இங்கே ஒருவர் எழுதிவைத்த பெயரும் எங்காவது ஒருநாள் பொருந்தும். டர்பனின் பட்டியலில் ஒரு மாலையில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

கிடர்பூருக்கு வருகிற கனடாப் பேரப்பிள்ளை கேட்பது நிலமோ பங்கோ அல்ல; தன் முன்னோர் எங்கிருந்து போனார் என்ற ஒரே ஒரு விவரம். கொடுத்தால் நமக்குக் குறைவதில்லை. இதுவரை அவர்களே தேடிவிட்டார்கள். இனி தேடவேண்டிய முறை நம்முடையது.